அப்பா பாதியில் நிறுத்திய பேச்சு: உங்களுக்குத் தாமதமாகப் புரிந்தது எது?

பாமணிக்கரை எழுதியது:

வணக்கம். எனக்கு 29 வயது. சொந்த ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணி ஆற்றை ஒட்டிய ஒரு கிராமம். சென்னையில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன்.

பொங்கல் கழிந்து பத்து நாளில் சம்பா அறுவடைக்காக ஊருக்குப் போயிருந்தேன். நெல் ஈரமாக இருந்தது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள் என்பதால், எல்லோரையும் போல நாங்களும் தார்ச் சாலையில் ஒரு பக்கமாகக் கொட்டிக் காய வைத்திருந்தோம். அப்பா நெல்லுக்குள் காலை இழுத்து இழுத்து நடந்து கிளறிக்கொண்டிருந்தார். நான் சாக்குகளை உதறிக்கொண்டிருந்தேன். திடீரென்று, நான் ஒன்றும் கேட்காமலே, "இதை ஒரு முப்பது வருடத்துக்கு முன்னால் புரிந்துகொண்டிருந்தால்..." என்றார். அந்த நேரம் பார்த்து மினி பஸ் வந்தது. நெல்மேல் ஏறிவிடாமல் இருக்கக் கையைக் காட்டிக்கொண்டே ஓடினார். திரும்பி வந்தபோது சாக்குக் கணக்கைப் பற்றிப் பேசினார். நானும் கேட்கவில்லை. அன்று இரவே மன்னை எக்ஸ்பிரஸ் ஏறிவிட்டேன்.

அப்பாவுக்கு 64 வயது. எங்கள் வீட்டில் அவரிடம் நேராக எதையும் கேட்கும் பழக்கம் இல்லை. எல்லாம் அம்மா வழியாகத்தான் போகும், அம்மா வழியாகத்தான் வரும். மூன்று வாரமாக அந்தப் பாதிப் பேச்சு மனத்தைவிட்டுப் போகவில்லை. வயதில் பெரியவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்குத் தாமதமாகப் புரிந்தது எது? முன்பே தெரிந்திருந்தால் எது வேறு மாதிரி ஆகியிருக்கும்? பொதுவாகச் சொல்லாமல், நடந்ததைச் சொன்னால் நன்றாக இருக்கும்.

வலங்கைமான்காரன் எழுதியது:

தங்கச்சி, எங்களைக் கேட்பதற்கு முன் அப்பாவைக் கேள். அம்மா வழியாக அல்ல. என் அப்பாவிடம் நான் கேட்க வைத்திருந்தவை எல்லாம் இன்னும் என்னிடமேதான் இருக்கின்றன.

கடைமடை லஸ்கர் எழுதியது:

அம்மா, எனக்கு 73 வயது. பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து 2010இல் ஓய்வு பெற்றேன். ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். நான் சொல்லச் சொல்ல என் பேரன் தட்டச்சு செய்கிறான்.

லஸ்கர் என்றால் என்ன வேலை என்று இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. மதகின் ஷட்டரை ஏற்றி இறக்குவது, அளவுகோலில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்து எழுதுவது, வெள்ளக் காலத்தில் கரையைச் சுற்றி வருவது, உடைப்பு எடுத்தால் சவுக்குக் கட்டையும் மணல் மூட்டையும் கொண்டு ஓடுவது. ஜூன் 12 மேட்டூரைத் திறந்தால் நான்கு நாள் போலக் கல்லணைக்கு வரும். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரியும். வெண்ணாறு நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகும். உங்கள் ஊர் ஆறு பிறக்கும் இடம் அது. நாங்கள் அதற்கெல்லாம் கீழே, கடலுக்குப் பக்கம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், தண்ணீர் விடுவதுதான் என் வேலை என்று நினைத்தேன். ஷட்டரைத் திறக்கும் நாளில் ஊரே வரும். நெல்லும் பூவும் தூவுவார்கள், எனக்கும் ஒரு மாலை விழும். வடிகாலைத் திறக்கும் நாளில் ஒருவரும் வர மாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, இரவு இரண்டு மணிக்கு நான் மட்டும் நிற்பேன். 1977 நவம்பர் புயல் நான் சேர்ந்த மறு வருடம் வந்தது. அப்போதுதான் பார்த்தேன், எங்கள் பக்கத்தில் பயிரைக் கொல்வது வருகிற தண்ணீரைவிடப் போகாத தண்ணீர்தான். தரை தட்டையாகக் கிடக்கிறது. கடல் ஏற்றத்தில் இருந்தால் ஆறு வாங்காது. வற்றம் வரும்வரை காத்திருந்து, வந்ததும் ஒரு நாழிகை வீணாக்காமல் திறந்துவிட வேண்டும். இதைக் கற்றுக்கொண்டு நல்ல லஸ்கர் என்று பெயர் எடுத்தேன். இந்தப் பெருமையைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

2007இல் நடந்தது. பாகப் பிரிவினையில் என் பங்குக்கு ஆறு மா வந்தது, இரண்டு ஏக்கர். என் வயல் தண்ணீர், தம்பியின் கொல்லை ஓரமாக ஓடும் சின்ன வடிகால் வழியாகத்தான் பெரிய வடிகாலுக்குப் போக வேண்டும். ஐப்பசியில் ஒரு நாள் மதகுப் பணி முடிந்து வந்து பார்த்தால், அதை மண்ணடித்துத் தூர்த்திருந்தான். நான் வேலியோரம் நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்பது சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. பேரனை எழுதச் சொல்ல மாட்டேன். தம்பி எதிரே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

பதினொரு ஆண்டுகள் பேச்சில்லை. நடுவே என் இளைய மகள் கல்யாணம் நடந்தது. சித்தப்பா நிற்க வேண்டிய இடத்தில் பங்காளி ஒருவர் நின்றார். ஒவ்வொரு கார்த்திகையிலும் என் ஆறு மாவில் இரண்டு மா தண்ணீரில் நின்றது. பயிர் மஞ்சளித்தது. மஞ்சளித்த பயிருக்கு யூரியாவோடு ஜிப்சமும் வேப்பம் புண்ணாக்கும் கலந்து ஓர் இரவு வைத்திருந்து போடு என்று ஊரில் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்வேன். ஆனால் அது தண்ணீர் வடிந்த பிறகு போடுவது. என் வயலில் வடியவே இல்லை. சுற்றுப்பட்ட ஊர்களுக்கெல்லாம் தண்ணீர் வடித்துவிட்டவன் நான்.

2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. எங்கள் பகுதித் தென்னைகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. என் ஓட்டு வீட்டின்மேல் இரண்டு மரங்கள் குறுக்கே கிடந்தன. மூன்றாம் நாள் காலை தம்பி ஒரு பெரிய ரம்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. ரம்பத்தை மரத்தில் வைத்துவிட்டுச் சும்மா நின்றான். அது ஓர் ஆள் இழுக்கிற ரம்பம் இல்லை. நான் போய் மறுபக்கத்தைப் பிடித்தேன்.

மத்தியானம் என் மனைவி கஞ்சி கொடுத்தாள். அறுத்துப் போட்ட மரத்தின்மேலேயே உட்கார்ந்து குடித்தோம். அப்போதுதான் கேட்டேன்: "அந்த வடிகாலை ஏன் தூர்த்தாய்?"

"பாப்பா விழுந்துவிட்டாள் அண்ணா" என்றான். மகள் வயிற்றுப் பேத்தி. அப்போது அவளுக்கு இரண்டு வயது. மழையில் வடிகால் நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் பாவாடையைப் பார்த்துவிட்டு இறங்கித் தூக்கியிருக்கிறாள். மறுநாளே மண் அடித்துவிட்டான். "அன்று சாயங்காலம் உன்னிடம் சொல்லத்தான் வேலி வரை வந்தேன். நீ கத்திக்கொண்டிருந்தாய்" என்றான்.

அடுத்த தை மாதம், வயல் காய்ந்ததும், ஆறு சிமென்ட் குழாய்கள் வாங்கி அந்தத் தடத்தில் பதித்து மேலே மண் மூடினோம். குழந்தை விழ வழியில்லை, தண்ணீர் போக வழி இருக்கிறது. இரண்டு ஆள், அரை நாள் வேலை. முடித்துவிட்டு அவன் கை கழுவப் போனான். நான் வரப்பில் உட்கார்ந்து அழுதேன். அந்தப் பாப்பா இப்போது கல்லூரிக்குப் போகிறாள். அவள் பேச ஆரம்பித்த வயதில் நான் அவளைப் பார்க்கவில்லை.

வேலையில், வடிகால் நின்றுவிட்டது என்று சொன்னால் எங்கே அடைத்திருக்கிறது, ஏன் அடைத்திருக்கிறது என்று நடந்துபோய்ப் பார்ப்பேன். யார்மேல் தப்பு என்பது அதற்குப் பிறகு வருகிற பேச்சு. வீட்டில் அதைத் தலைகீழாகச் செய்தேன். கேட்டீர்களே, இதுதான்.

தையல்காரி, கும்பகோணம் எழுதியது:

லஸ்கர் ஐயா எழுதியதைப் படித்துவிட்டு மாலை வரை மெஷினில் உட்காரவில்லை.

என்னுடையது சின்ன விஷயம். 42 வயதில் ஊசியில் நூல் கோக்க முடியாமல் போயிற்று. கை நடுங்குகிறது, தொழில் என்னைவிட்டுப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒருவரிடமும் சொல்லவில்லை. கொக்கி வைப்பது, ஓரம் அடிப்பது போன்ற நுணுக்கமான வேலைகளை உதவிக்கு வரும் பெண்ணிடம் தள்ளினேன். திருபுவனம் பட்டுக்கு ரவிக்கை தைக்கக் கொண்டுவந்தவர்களை, கை நிறைய வேலை இருக்கிறது என்று பொய் சொல்லித் திருப்பி அனுப்பினேன். இப்படியே ஆறு வருடம். ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த இலவசக் கண் முகாமுக்கு மாமியாரை அழைத்துப் போனபோது, அங்கிருந்த பெண், "நீங்களும் உட்காருங்கள்" என்றார். வெள்ளெழுத்து. நாற்பதைத் தாண்டினால் எல்லோருக்கும் வருவது. கண்ணாடியைப் போட்டதும் என் ரேகை எனக்குத் தெரிந்தது.

நாற்பதைத் தாண்டி, புத்தகத்தைத் தள்ளிப் பிடித்துப் படிப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், நாளைக்கே போய்ப் பாருங்கள்.

பாமணிக்கரை எழுதியது:

ஐயா, அக்கா, நன்றி. அம்மாவுக்கு 58 வயது. அரிசியில் கல் பொறுக்கும்போது முறத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோவாள். பழக்கம் என்று நினைத்திருந்தேன். இந்த முறை போகும்போது அழைத்துப் போகிறேன்.

பத்திர எழுத்தர் எழுதியது:

பாபநாசம் வட்டத்தில் பத்திரம் எழுதுகிறேன். அப்பாவுக்கு உதவியாக 1996இல் உட்கார்ந்தவன். என் தாமதத்தையும் சொல்கிறேன். அதனால் நஷ்டப்பட்டவர்கள் பிறர்.

விடுதலைப் பத்திரம் என்று ஒன்று உண்டு. குடும்பச் சொத்தில் தனக்குள்ள பங்கை ஒருவர் மற்றவருக்கு விட்டுக்கொடுத்து எழுதுவது. நான் எழுதியவற்றில் பெரும்பாலானவை அக்காள் தங்கைகள் அண்ணன் தம்பிகளுக்கு எழுதிக்கொடுத்தவை. காலையில் காரில் அழைத்து வருவார்கள். அந்தப் பெண் புதுப் புடவையில் இருப்பாள். "இங்கே ஒரு கையெழுத்து, அங்கே ஒரு கையெழுத்து." பிறகு எல்லோரும் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். படித்துக் காட்டப்பட்டுச் சரியென ஒப்புக்கொண்டதாகப் பத்திரத்தில் வரி இருக்கும். நான் படிப்பேன், ஆனால் எப்படி? சர்வே எண்ணையும் நான்கு எல்லையையும் மந்திரம் போல ஓட்டிவிட்டுப் பேனாவை நீட்டுவேன்.

சட்டம் அவர்கள் பக்கம் இருந்தது. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அன்று கல்யாணம் ஆகாதிருந்த மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டத் திருத்தம் கல்யாணம் ஆனவள், ஆகாதவள் என்ற பேதத்தையும் எடுத்துவிட்டது. இதெல்லாம் எனக்குத் தெரியும். எதிரே உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரியாது. கேட்டால் சொல்லலாம் என்று இருந்தேன். பத்திரம் எழுதக் கூலி கொடுப்பவர் அண்ணன்.

ஒரு நாள் எண்பதை நெருங்கும் ஒரு அம்மாள், பேரனுடைய கடனுக்காக வில்லங்கச் சான்று எடுக்க வந்தார். பட்டியலில் ஒரு பதிவைக் காட்டி, "இது நீங்கள் எழுதிக்கொடுத்த விடுதலை" என்றேன். "நான் எதை விடுதலை செய்தேன் தம்பி?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பத்திரத்தை எழுதியது என் அப்பா.

அன்றிலிருந்து ஒரு வரியை மட்டும் நிறுத்திப் படிக்கிறேன்: "இனி மேற்படி சொத்தில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ எவ்வித உரிமையும் பாத்தியதையும் இல்லை." படித்துவிட்டு, புரிந்ததா அம்மா என்று கேட்டுப் பதில் வரும்வரை பேனாவைக் கையிலேயே வைத்திருப்பேன். பலர் புரிந்துகொண்டுதான் போடுகிறார்கள். நிலம் போனாலும் பிறந்த வீட்டு வாசல் திறந்திருக்க வேண்டும் என்பார்கள். அது அவர்கள் முடிவு, நான் தலையிட மாட்டேன். ஒரு பெண் மட்டும் எழுந்து வெளியே போய், வேப்ப மரத்தடியில் அண்ணன்களோடு ஒரு மணி நேரம் பேசினாள். திரும்பி வந்தபோது அவள் பெயரில் ஒரு மா எழுதச் சொன்னார்கள். சில அண்ணன்மார் இப்போது என்னிடம் வருவதில்லை.

பாமணிக்கரை எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பத்திர எழுத்தர் ஐயா, உங்கள் பதிலைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் அத்தைக்குக் கல்யாணம் 1990இல். எங்கள் நிலம் முழுவதும் அப்பா பெயரில் இருக்கிறது. இரண்டும் எனக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

சனிக்கிழமை ஊருக்குப் போனேன். அம்மாவைக் கண் மருத்துவரிடம் காட்டிவிட்டுத் திரும்பியபோது அப்பா திண்ணையில் இருந்தார். நேராகவே கேட்டேன்: "அன்று ரோட்டில் ஏதோ சொல்ல வந்தீர்களே, அப்பா?" ஒன்றுமில்லை என்றார். "அத்தையைப் பற்றியா?" என்றேன். ரொம்ப நேரம் பேசவில்லை. எழுந்து போய் டிரங்குப் பெட்டியிலிருந்து மஞ்சள் பையை எடுத்து வந்தார். 1993ஆம் ஆண்டு விடுதலைப் பத்திரம். தாத்தா இறந்து ஒரு வருடம் முடிந்த மாதம்.

"என்ன எழுதியிருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, தை மாதம் புது அரிசி அனுப்புவாயா அண்ணா என்று கேட்டாள். ஒரு வருடம்கூடத் தவறாமல் அனுப்பினேன். அனுப்பிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்" என்றார். எனக்குத் தெரியும் அந்த மூட்டை. சிறு வயதில் அதன்மேல் உட்கார்ந்து நான் பஸ்ஸில் போயிருக்கிறேன். அத்தை கணவர் இறந்த பிறகு, குத்தாலம் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டில், இட்லி மாவு அரைத்து விற்றுத்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தாள். ஒவ்வொரு வருடமும் அந்த மூட்டையை வாசலில் நின்று வாங்கிக்கொள்வாள்.

மறுநாள் நாங்கள் மூவரும் அத்தை வீட்டுக்குப் போனோம். அப்பா பையை மடியிலேயே வைத்திருந்தார். அத்தை காபி கொண்டுவந்தபோது, "உட்கார், இதைப் படிக்கிறேன்" என்றார். முதல் வரியிலிருந்து படித்தார். அந்த ஒரு வரியில் குரல் கம்மியது. நிறுத்தி, மறுபடியும் அதையே படித்தார். அத்தை தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லைகளுக்கு வந்து, "வடக்கே பொது வடிகால்" என்று படித்தபோதுதான் நிமிர்ந்தாள். "வடிகாலுக்கு இந்தப் பக்கம் ஒரு நாவல் மரம் நிற்குமே, அண்ணா. அதை எழுதவில்லையா?" என்றாள். அந்த மரத்தை நான் பார்த்ததே இல்லை. கஜாவுக்கு வெகுநாள் முன்பே விழுந்துவிட்டதாம்.

ஐயா, வடக்குப் பக்கம் மூன்று மாவை அத்தை பெயருக்கு எழுத அப்பா விரும்புகிறார். அது பாதியில்லை என்று எனக்குத் தெரியும். அவரிடமும் சொன்னேன்; பேசிக்கொண்டிருக்கிறோம். இதற்கு என்ன பத்திரம் எழுத வேண்டும்? என்னென்ன எடுத்து வைக்க வேண்டும்?

பத்திர எழுத்தர் எழுதியது:

எவ்வளவு என்பதைப் பேசி முடித்துவிட்டே வாருங்கள், அம்மா. அவசரம் இல்லை. தாய்ப் பத்திரம், அந்த 1993 விடுதலைப் பத்திரம், பட்டா, சிட்டா, இன்றுவரை போட்ட வில்லங்கச் சான்று, இருவருடைய ஆதார் அட்டை, இரண்டு சாட்சிகள். மூன்று மாவோ அதிகமோ, தனியாகப் பிரித்து எழுதுவதானால் முதலில் அளந்து உட்பிரிவு செய்ய விண்ணப்பிக்க வேண்டும். பதிவு உங்கள் ஊர் சார்பதிவாளர் அலுவலகத்தில்தான் நடக்கும். வரைவை நான் எழுதித் தருகிறேன், கூலி வேண்டாம். அத்தையையும் அழைத்து வாருங்கள். எல்லையை அவர் சொல்லட்டும்.